வெள்ளைக்கு ஒரே வழி

சீட்டைப் புரட்டியதும் தெரிந்துவிட்டது. வெள்ளைக்கு ஆகவே ஆகாத தொடக்கம். வெள்ளை என்னுடையது.

செக்கர்ஸ் பந்தயத்தில் முதல் மூன்று நகர்வுகளைச் சீட்டு சொல்லிவிடும். நாலாவதிலிருந்துதான் அவரவர் பாடு.

இதில் வெள்ளை பிழைக்க ஒரே ஒரு வழி உண்டு. ஒரு காயைச் சும்மா ஓரத்துக்குத் தள்ள வேண்டும். பார்க்கிறவனுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும்.

எனக்கு அது தெரியும். கரும்புக்காட்டில் வேலை இல்லாத மழை நாட்களில் நானே கண்டுபிடித்தது.

ஆனால் அடுத்த ஆட்டத்தில் பலகையைத் திருப்புவார்கள். இதே தொடக்கம், வெள்ளை எதிரே இருக்கும் சீபர்ட்டுக்கு. நான் இப்போது காட்டினால் அவன் அதையே எனக்குத் திருப்பி வைப்பான். இரண்டும் சமன். சமன் என்றால் லண்டன் போட்டிக்குப் போகிறவன் போன வருடம் ஜெயித்து அங்கே போய்வந்தவன். அதாவது சீபர்ட்.

லண்டனில் என் மனைவி மார்வா இருக்கிறாள். ஆஸ்பத்திரி வேலை. கிறிஸ்துமஸோடு கடிதம் நின்றுவிட்டது. கரும்பு வெட்டுகிறவன் அவ்வளவு தூரம் போய் ஏனென்று கேட்க இதைவிட்டால் வேறு கதி இல்லை.

கை காய்க்கு மேலேயே நின்றது.

“என்ன கரும்புக்காரா, காய் சுடுதா? ஊதி ஊதி எடு!” என்றான் சீபர்ட். ரம் கடையே சிரித்தது.

நல்லதை ஒளித்தேன். வேறொன்றை வைத்தேன்.

பிறகு பட்ட பாடு சொல்லி மாளாது. பலகை அதிர அறைந்து அறைந்து என் காய்களைத் தின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மிஞ்சிய ஒரு ராஜாவை மூலைக்குள் அங்குமிங்கும் ஓட்டி, எப்படியோ சமன் செய்தேன்.

பலகையைத் திருப்பினார்கள். சீட்டு சொன்ன மூன்றும் முடிந்தன. இனி அவன் முறை.

யோசிக்கட்டும். அவனுக்கும் கொஞ்சம் வேர்க்கட்டும்.

அவன் யோசிக்கவே இல்லை. ஒரே விரலால் காயை ஓரத்துக்குத் தள்ளினான். நான் ஒளித்த அதே நகர்வு.

“இதுக்குப் பேரு என்ன தெரியுமாடா? பாதிரியார் தூக்கம்!” என்று கடையைப் பார்த்துச் சொன்னான்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். சட்டென்று பலகைக்குக் குனிந்துகொண்டான்.

அந்தப் பெயர் எந்த ஆட்டக்காரனுக்கும் தெரியாது. எங்கள் அடுக்களையில், எனக்கு எதிரே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மார்வா வைத்தது.