சிவப்பு எரியக் கூடாது

எங்கள் பூனை மிளகுக்குச் சிறுநீரக நோய். தினமும் மாத்திரை கொடுக்காவிட்டால் பிழைக்காது. ஆனால் வளர்ப்புப் பிராணியைப் பயமுறுத்தக் கூடாது என்பது சட்டம். அது பயந்தால் கழுத்துப்பட்டையில் சிவப்பு விளக்கு எரியும். மூன்றாவது முறை எரிந்தால் பிராணிநல இலாகா வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். போனவை திரும்பி வந்ததில்லை.

என் மனைவி அமுதவல்லி இருந்தவரை கவலையில்லை. கருவாட்டுத் துண்டில் மாத்திரையைப் பொதிந்து, மடியில் வைத்து ஊட்டிவிடுவாள். அவள் போன பிறகு, என் நடுங்கும் கைக்குப் பயந்து இரண்டு முறை சிவப்பு எரிந்துவிட்டது. கடைசியில் அவளுடைய துவைக்காத நைட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மிளகு மோந்து பார்த்துவிட்டு மடியில் ஏறியது.

அப்படியே நாட்கள் ஓடின. பிறகு மகள் கயல் ஊரிலிருந்து வந்தாள்.

"என்னப்பா, அம்மா நைட்டி இப்படிக் கருவாட்டு நாத்தம் அடிக்குது? துவைச்சுப் போட்டுட்டேன்."

"ஐயோ, என்ன காரியம்டி பண்ணின!"

காய்ந்ததும் அதையே அணிந்துகொண்டு உட்கார்ந்தேன். மிளகு சோப்பு வாசனையை மோந்தது. காதுகள் மடங்கின. விளக்கு மஞ்சளானது.

"விட்டுருங்கப்பா, தூக்கிட்டுப் போயிருவாங்க!" என்று கயல் என் கையைப் பிடித்தாள்.

மாத்திரையைக் கீழே வைத்தேன். விளக்கு பச்சைக்குத் திரும்பியது. மறுநாளும் துணிவு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிராணியை நன்றாகப் பராமரிப்பதாக இலாகாவிலிருந்து பாராட்டு வந்தது.

சாகும்வரை மிளகின் கழுத்தில் பச்சை விளக்குத்தான் எரிந்தது.