மாமனாரின் நகங்கள்

“என் பஃபரை யாரு எடுத்தா?”

ஒரே வாரத்தில் இது மூணாவது தடவை. பியூட்டி பார்லரில் வேலை பார்க்கும் மருமகளின் பையிலிருந்து, நகத்துக்குப் பளபளப்பு ஏற்றும் அந்த ஸ்பாஞ்சுக் கட்டைக்கு மட்டும் கால் முளைத்திருந்தது.

“எனக்கெதுக்கு அது? என் நகத்தையெல்லாம் நானே கடிச்சு முடிச்சாச்சு” என்றான் கணவன்.

மீதி இருப்பது மாமனார் மட்டும்தான். முப்பத்தஞ்சு வருஷம் லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனுஷர். முறுக்கு மீசை வேறு. அவராவது, நகப் பளபளப்பாவது!

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசைப்பட்டு, போன வாரம்தான் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருந்தாள். கம்பியை விரலால் அழுத்தி வளைத்தால் போச்சு, அடியிலிருக்கும் ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டைகளில் ‘கரக் கரக்’கென்று உரசியது. கடைக்காரரோ, “புதுசுல அப்படித்தாங்க இருக்கும். பிடிக்கலைன்னா சனிக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுத்துடுங்க” என்று கைகழுவிவிட்டார்.

மாமனார் முதல் நாளே கத்தித் தீர்த்துவிட்டார். “பாட்டா இது? அடிப்பிடிச்ச சட்டியைச் சுரண்டற மாதிரி இருக்கு! இனிமே இந்தச் சனியன் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், ஆமா!”

அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பக்கத்து அறை மாமனாருடையது என்பதைக்கூட மறந்து. அப்புறம் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துக் கூடத்து மூலையில் சாத்தியவள், அதைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை பார்லரில் அவளுக்குச் சீக்கிரம் வேலை முடிந்தது. கணவனும் அவளும் வீட்டுக்குள் நுழைய, மாமனார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது பஃபர்!

“மாமா!”

அவர் இரண்டு கையையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அது வந்தும்மா... சும்மா, நகத்துக்கு...”

“நகத்துக்கா? நீங்களா?”

“ஏன், ஆம்பளைக்கு நகம் கிடையாதா?”

கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தான். “அப்பா, பொண்ணு எந்த ஊரு? சொல்லவே இல்லையே!”

“கையைக் காட்டுங்க மாமா, எவ்வளவு மின்னுதுன்னு நானும் பார்க்கறேன்.”

“அதெல்லாம் முடியாது” என்று முறைத்தவர், குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே பார்லர் தோழிக்குப் போன் போட்டு, ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னாள். “மாமாவை இங்கே அனுப்புடி, கலரும் சேர்த்துப் போட்டுவிடறோம்!” ஸ்பீக்கரில் பத்துக் குரல்கள் சிரித்தன. குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பிக் கொடுக்கக் கிளம்புமுன், மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தாள்.

கம்பிகள் எல்லாம் தளர்ந்து கிடந்தன. யார் தொட்டது?

சுருதி சேர்த்து, கடைசியாக ஒரு தடவை கம்பியை அழுத்தி வளைத்தாள். உரசலே இல்லை. இன்னொன்று. அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. கிட்டாரின் கழுத்து நெடுக அத்தனை பட்டைகளும் மின்னின. தினமும் பார்லரில் அவள் கையால் வரவழைக்கிற அதே மினுமினுப்பு.

கிட்டாரோடு கூடத்துக்கு ஓடினாள். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் கடைக்குக் கிளம்பலையா?” என்றார், தாளுக்குப் பின்னாலிருந்து.

“போகலை மாமா. இது இங்கேயே இருக்கட்டும்.”

“ஹூம், என் தலையெழுத்து. தினமும் அந்தக் கர்ணகடூரத்தைக் கேட்கணும்.”

அவளுக்கு நேற்றுச் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை.

தாளைப் பிடித்திருந்த விரல்களில், எத்தனை சோப்புப் போட்டும் போகாத உலோகக் கறுப்பு. ஒரு நகம்கூட மின்னவில்லை.