பட்டாளத்துக்கு ஒரு தொப்பி

"ஏட்டி, செத்த நேரம் ஆடாம இரு" என்று அதட்டிவிட்டு, வேதசிரோமணி வாத்தியார் தாம் பின்னிய கம்பளித் தொப்பியை மனைவி சந்தனமேரியின் தலையில் வைத்துப் பார்த்தார். அது மூக்குவரை இறங்கியது.

"தொப்பியா இது? ஓலைப்பெட்டியக் கவுத்தாப்புல இருக்கு."

"வடக்க மலையில பனி கொட்டுதாம். காது மூட வேண்டாமா?"

"கண்ணும்லா மூடுது! பொறவு அங்க எப்படி வேல பாக்குறது?"

வாசலில் நின்ற மைத்துனன் பால்துரை சிரித்தான். "பட்டாளத்துக்குப் போற தொப்பி அப்படித்தான் இருக்கணும் மச்சான். பாத்தாலே எதிரி ஓடிருவான்."

வேதசிரோமணிக்கு ரோஷம் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு தலைக்குப் பின்னல் கண்ணி எண்ணத் தெரியவில்லை என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? மறுநாள் ரயில் வருவதற்குள் முழுவதையும் பிரித்துப் பின்னினார். இந்தமுறை அது புருவத்தோடு நின்றது.

ராஜபாளையம் ஸ்டேஷனில் வண்டி வந்ததும் சந்தனமேரி பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. பிளாட்பாரத்தில் நின்ற வேதசிரோமணி ஜன்னல் வழியாகத் தொப்பியை நீட்டினார்.

"போட்டுக்கோ. கேலி பண்ணுறவங்க பண்ணட்டும்."

"புருசன் பின்னுனதுன்னு சொல்லிருவேன். பொறவு யாரும் கேலி பண்ண மாட்டாக, பாவம்னு விட்டுருவாக."

அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் பரவிய விஷக்காய்ச்சல் அவளையும் கொண்டுபோனது. தொப்பியோடுதான் அடக்கம் செய்ததாக உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

மிச்சக் கம்பளியில் வேதசிரோமணி தமக்கும் ஒன்று பின்னிக்கொண்டார். தொப்பி போடுகிற அளவுக்கு ராஜபாளையத்தில் இன்னும் குளிர் அடிக்கவில்லை.