துயுல் வளர்க்கும் வீடு

சேனோ கடைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது.

விடிய விடிய கம்ப்யூட்டரில் மேகம் வரைந்துவிட்டு, பகல் முழுக்கத் தூங்கி எழுந்து வந்தவன் அவன். கண்ணில் கனவு இன்னும் கலையவில்லை. சாயங்கால வெயிலில் தெருவே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தது.

"ருக்மி அக்கா, நாலு டெம்பே வறுவல் குடுங்க."

ருக்மி அந்தச் சோயாக்கட்டி வறுவல் பொட்டலத்தைக் கையில் தராமல் பலகைமேல் வைத்துத் தள்ளினாள். வாசலில் ஒரு பேசினுக்குள் நண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"என்னக்கா, இன்னிக்கு நண்டுக் குழம்பா?"

"குழம்புக்கில்லப்பா, உன் துயுலுக்கு" என்றார் பெஞ்சில் இருந்த தெருத் தலைவர் வாகிமன். "நண்டைப் பார்த்தா அது விளையாட உட்கார்ந்துடும். கல்லாப் பக்கம் போகாது."

சேனோவுக்குத் தூக்கம் பறந்தது. துயுலை ஜாவாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மொட்டைத்தலைக் குட்டிச்சாத்தான். ஊரார் வீட்டில் புகுந்து, தன்னை வளர்க்கிறவனுக்குப் பணம் திருடி வரும்.

"நான் துயுல் வளர்க்கறேனா? யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? வயலுக்கும் போறதில்ல, ஆபீசுக்கும் போறதில்ல. பகலெல்லாம் திரையைப் போட்டுத் தூங்கறே. கூரைக்குப் புது ஓடு மட்டும் வந்துடுச்சு. எப்படிப்பா?"

"படம் வரையறேன் மாமா. வெளிநாட்டு கம்பெனி. அவங்களுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி..."

"சரிப்பா, சரி. கோவிச்சுக்காதே" என்று வாகிமன் தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு காலையும் மடக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பார்த்தால் வீட்டுக்கு வீடு நண்டு. சேனோவுக்கு அழுகை வந்தது. பிறந்து வளர்ந்த தெரு!

கொஞ்ச நாளாகத்தான் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அதற்கு முன்பெல்லாம், 'சும்மாதானே படுத்திருக்கே' என்று தெருவே கதவைத் தட்டும். கல்யாண வீட்டுக்கு நாற்காலி தூக்க அவன்தான். ருக்மிக்கு காஸ் சிலிண்டர் மாற்ற அவன்தான். தூக்கம் கெட்டு, கம்பெனிக் கூட்டத்தின் நடுவில் குறட்டை விட்டு, இன்னொரு முறை தூங்கினால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கையும் வந்துவிட்டது. பிறகு என்ன மாயமோ, தட்டுவது அடியோடு நின்றது. ஊர் திருந்திவிட்டது என்று நினைத்திருந்தான், பைத்தியக்காரன்.

அம்மா தார்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பேய் வளர்க்கறேனாம்!"

"ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? விடுடா."

"உனக்கு வலிக்கலையா? நேத்து குர்ஆன் ஓதற கூட்டத்துல உன் பக்கத்துல யாரும் உட்காரலையாமே!"

"ஆமா. நல்லா காலை நீட்டி உட்கார்ந்தேன்."

"விளையாடாதேம்மா."

"ருக்மி பையன் மாதிரி சீருடை மாட்டிக்கிட்டுக் காலையில கிளம்பிப் போயிருந்தா இந்தப் பேச்சு வருமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. பெற்றவளே இப்படிச் சொன்னால் ஊரை என்ன சொல்வது?

"யார் கிளப்பிவிட்டதுன்னு இப்பவே போய்க் கண்டுபிடிக்கிறேன். அவங்களைத் தலைவர் முன்னால நிறுத்தாம விடமாட்டேன்!"

செருப்பை மாட்டினான். அம்மா எழுந்து வந்து வாசலை மறித்தாள்.

"யாரையும் கேட்டுடாதேடா. நான்தான்."

இன்னும் கனவுதான் காண்கிறோமோ என்று சேனோ கண்ணைக் கசக்கினான்.

"ராத்திரியெல்லாம் வேலை பார்த்துட்டுத் தூங்கறான், எழுப்பாதீங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் நம்பலை" என்றாள் அம்மா. "துயுல் வளர்க்கறான், எழுப்பினா உங்க வீட்டுக்கு வந்துடும்னு ருக்மி காதுல மட்டும் சொன்னேன். ஊரே நம்பிடுச்சு."