கைதட்டல் முடிந்ததும்

சின்ன அணு உலைகளைச் செய்யப்போவதாகச் சொல்லும் ஒரு கம்பெனி இருந்தது. லாரியில் ஏற்றி எந்த ஊருக்கும் அனுப்பலாமாம், அந்த ஊரே வெளிச்சமாகிவிடுமாம். இப்போதைக்கு அதனிடம் இருந்தது சோதனைக்காகப் போட்ட ஒரு நீண்ட இரும்புக் குழாயும், அதற்குள் உலையின் சூட்டை உருகி ஓடிச் சுமக்க வேண்டிய கொஞ்சம் உப்பும்தான். பணம் போடுகிறவர்கள் பார்க்க வரும்போதெல்லாம் உப்பைச் சூடேற்றி, உருக்கி, ஓடவிடுவார்கள். அவர்கள் கைதட்டிவிட்டுப் போனதும் சூட்டை நிறுத்திவிடுவார்கள். உப்பு ஓடிய இடத்திலேயே கல்லாக இறுகிக் கிடக்கும்.

அன்றும் ஆட்கள் வந்தார்கள். பாதியில் கரண்ட் போனது. கட்டடத்துக்குப் பின்னால் நின்ற டீசல் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்தது.

"உன்னை உருக்கி உருக்கியே நான் தேய்ஞ்சு போயிட்டேன்" என்றது ஜெனரேட்டர்.

"எனக்கும்தான் உடம்பெல்லாம் வலிக்குது. கொஞ்சம் பொறுத்துக்கோங்கண்ணே. நான் நிஜ உலைக்குள்ள போயிட்டா ஊருக்கே கரண்ட் வரும். அப்புறம் உங்களுக்கு ஓய்வுதான்" என்றது உப்பு.

ஜெனரேட்டர் கரும்புகையை விட்டது. "உனக்கு முன்னாடி அந்தக் குழாயில ஓடின உப்பும் இதையேதான் சொல்லிச்சு."

"அது இப்போ எந்த ஊர்லண்ணே இருக்கு?" உப்பு ஆசையாகக் கேட்டது.

"உருகி, இறுகி, உருகி, இறுகி, ஒருநாள் குழாயைப் பிளந்துடுச்சு. சுரண்டி எடுத்து மூடி வெச்சுட்டாங்க. வாசல்ல வாட்ச்மேன் மரியசூசை ஒரு டிரம் மேல உட்கார்ந்திருக்காரே, அதுக்குள்ளதான் இருக்கு."

உள்ளே கைதட்டல் கேட்டது. உப்பு ஏதோ கேட்க வாயெடுத்தது. அதற்குள் சூட்டை நிறுத்திவிட்டார்கள்.