இறகின் அடியிலிருந்து நாற்பது சென்டிமீட்டர்

காற்றாலை இறகின் மேல் ஸ்பேனரைக் கைதவறிப் போட்டவன் அவன்தான். மேலே ஒரு கீறல்கூட விழவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. சோதிப்பதும் அவன் வேலைதான். அடிப்பகுதியில் சென்சார் ஒட்டி அல்ட்ராசோனிக் அலையை ஓடவிட்டால், உள்ளே பிளந்த இடத்தில் முட்டித் திரும்பும். நாற்பது சென்டிமீட்டரில் திரும்பியது. 'பழுதில்லை' என்று கையெழுத்துப் போட்டான். இறகு கோபுரம் ஏறிவிட்டது.

மறுநாள் சோதித்த புது இறகும் நாற்பது காட்டியது. அறுத்துப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த இறகு முப்பத்தொன்று. அதற்கடுத்தது பதினெட்டு. வயரை மாற்றினார்கள், மெஷினையே மாற்றினார்கள். கோபுரம் ஏறிய இறகின் பிளவு அடிப்பகுதிக்கு வந்து சேர்ந்தால் அது முறிந்து விழும் என்பது அவனுக்குத் தெரியும்.

"உன்னைக் கண்டாலே மெஷினுக்கு ஆகமாட்டேங்குது தம்பி," என்றாள் சூப்பர்வைசர் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

இன்று அவள் சென்சாரை எதிலும் ஒட்டாமல் வெறும் மேசைமேல் வைத்தாள். திரையில் ஐந்து.

"அக்கா, திங்கக்கிழமை போன இறகை நிறுத்தச் சொல்லுங்க. நான்தான் அதுமேல ஸ்பேனரைப் போட்டேன். தெரிஞ்சேதான் கையெழுத்தும் போட்டேன்."

சிரிப்பு நின்றது. அக்கா போனை எடுத்தாள்.

"அதுக்குக் கீழதானேடா நம்ம ஆளுங்க நாலு பேர் வேலை செய்யறாங்க?"

அவள் முகத்தைப் பார்க்கக் கூசி அவன் திரையைப் பார்த்தான்.

மூன்று.