முள்மரத்துக் காய்

ஆற்றங்கரைப் புல் முழுவதும் எருமை கரியனுக்குச் சொந்தம். ஆற்றிலும் வேறு யாரையும் இறங்க விடமாட்டான். உப்பளத்துக் கழுதை செம்பாயி உப்பைக் கொடுத்தும், மணல்மேட்டுக் குதிரை வெள்ளையன் பாரம் சுமந்தும் அவனிடம் புல் வாங்கினார்கள்.

ஒரு கோடையில் கரியன், "இனிமேல் விலை நாலு மடங்கு" என்றான்.

வெள்ளையனின் மேட்டில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. விலா எலும்பு தெரியத் தெரிய நாலு மடங்கு சுமந்தான்.

நாலு மடங்கு உப்பு கொடுக்க முடியாமல் செம்பாயி வெறுங்கையோடு திரும்பினாள். குட்டிகள் பசியில் கத்தின. உப்பளத்தைச் சுற்றி முள்மரங்களின் காய்கள் உதிர்ந்து கிடந்தன. யாரும் சீண்டாத காய்கள். பயந்துகொண்டே ஒன்றைக் கடித்தாள். இனித்தது!

"வாங்கடா, வயிறு முட்டத் தின்னுங்க!"

வெள்ளையனுக்கும் ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். அவனும் பாரத்தை இறக்கிவிட்டு உப்பளத்துக்கே வந்துவிட்டான்.

கரியனின் புல் வாங்க ஆளில்லாமல் காய்ந்தது. நக்க உப்பில்லாமல் அவன் கன்றுகள் துவண்டன. கடைசியில் அவனே உப்பளத்துக்கு நடந்து வந்தான்.

"பழைய விலைக்கே புல் தர்றேன் செம்பாயி. உப்பு கொடும்மா."

"உப்பு தர்றேன் அண்ணே. புல் வேண்டாம். ஆத்துல நாங்களும் இறங்கித் தண்ணி குடிக்கணும்."

கரியன் தலையாட்டினான்.

அன்று மாலை செம்பாயியும் குட்டிகளும் வெள்ளையனும் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று போட்ட சத்தத்தில், அக்கரைப் பறவைகளெல்லாம் எழுந்து பறந்தன.